காவலுக்கு நின்றவர்கள்

*வீரர் என்ற பெயரைத் திருவண்ணாமலை மண் யாருக்குக் கொடுத்தது? கம்பு பிடிக்கும் இளையவர்களும், பிள்ளைகளைச் சிலம்பக் களத்தில் சேர்க்கும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.*

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு சிற்றூர். அங்கே கிடைத்த நடுகல் ஒன்றில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லுக்கு வயது சுமார் 1,400 ஆண்டுகள். பொற்றொக்கையார் என்ற தலைவரிடம் சேவகம் செய்த கருந்தேவக்கத்தி, தன் எருமைகளைக் காக்க நடந்த சண்டையில் உயிரை விட்டான் என்கிறது அந்தக் கல்வெட்டு. அதோடு நிறுத்தவில்லை. அவனுடைய நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்து, காவலாக நின்றதாம் அது. அரசனின் பெயரையும் ஆண்டையும் வெட்டிய அதே கல்லில் ஒரு நாயின் பெயரையும் வெட்டிவைத்தார்கள் நம் முன்னோர்.

சண்டைக்கலை பயில்பவருக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கல்தான். கருந்தேவக்கத்தி எத்தனை பேரை வெட்டினான் என்ற கணக்கு அதில் இல்லை. அவன் ஜெயித்தானா என்ற செய்தியும் இல்லை. விழுந்தவனுக்காக எழுப்பிய கல் அது. எதைக் காக்க நின்றான், எங்கே விழுந்தான், யார் கூட நின்றார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு முடிகிறது.

செங்கம் வட்டாரம் முழுவதும் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா.நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு தொகுப்பையே வெளியிட்டது. வட்டெழுத்தில் சில வரிகள். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள் பிடித்த ஒரு வீரன். சில கற்களில் அவன் உடம்பில் தைத்த அம்புகள். கற்களில் பெரும்பாலானவை மாட்டு மந்தைக்காக நடந்த சண்டைகளைச் சொல்கின்றன. மந்தையைக் கவரப் போய் மாண்டவர்களுக்கும் கல் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் அதிகம் கொண்டாடியது மீட்கப் போனவர்களைத்தான். மாடுதான் அந்தக் காலத்துச் சொத்து. மந்தை போனால் ஊரே பட்டினி. அந்தப் பட்டினிக்கும் ஊருக்கும் நடுவில் போய் நின்ற ஆளுக்குத்தான் கல் நட்டுப் படையல் வைத்தார்கள்.

மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன், மல்லில் சிறந்தவன் என்பதால் மாமல்லன் என்று பட்டம் பூண்டவன். 642-இல் வாதாபியை வென்றவன். அவன் பெயரைச் சொல்ல மாமல்லபுரமே இருக்கிறது. எடுத்தனூர்ச் சேவகனுக்கு இருப்பது ஒரு பலகைக்கல். இந்த இருவரில் சண்டைக்கலை பயில்பவர் யாரை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் சேவகனைத்தான் காட்டுவேன். காவல் காக்கும் மனம் இல்லாதவர் கையில் எவ்வளவு வித்தை இருந்தாலும் அது அடிதடிதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் இதைச் சுற்றியே இருக்கும்.

காலில் தொடங்குவது

சிலம்பக் களத்துக்குப் புதிதாக வரும் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி, கையில் எப்போது கம்பு தருவீர்கள் என்பதுதான். நல்ல ஆசான் அவ்வளவு சீக்கிரம் தரமாட்டார். முதலில் காலடி. முன்னே ஒரு சுவடு, பின்னே ஒரு சுவடு, பக்கம் விலகி, சுழன்று, திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கு. காலடி பதினாறு என்று கணக்கு வைத்துச் சொல்லித்தரும் மரபுகள் உண்டு. மண் தரையில், வெறுங்காலோடு, இன்றைக்கும் அதே, நாளைக்கும் அதே. பத்து வயதுப் பையனுக்கு இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது. வந்தவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள்.

காலடிக்கு இத்தனை முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. சிலம்பக் கம்பு ஏறத்தாழ ஐந்தரை அடி. பிடிப்பவரின் நெற்றி உயரம் என்றும் அளவு சொல்வார்கள். மூங்கிலோ பிரம்போ, அதன் நுனியில் தெரிகிற வேகம் மணிக்கட்டில் பிறப்பதில்லை. பாதம் தரையை உந்த, அந்த உந்துதல் இடுப்பில் திரும்பி, தோள் வழியாக ஓடிக் கடைசியில்தான் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. வீச்சு முடியும் நேரத்தில் உடம்பின் பாரம் தவறான காலில் விழுந்துவிட்டால், அடுத்த வீச்சை எடுக்கக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாக ஆகும். எதிராளி உள்ளே புகுவதற்கு அது போதும். கையால் மட்டும் சுற்றப் பழகியவரின் கம்பு பார்க்க அழகாக இருக்கும். ஒரு தட்டு வாங்கினால் கம்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

ஆகவே முதல் குணம் பொறுமை என்று சொல்லிவிடலாம். ஆனால் பொறுமை என்றால் சும்மா காத்திருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஆயிரமாவது முறை அதே சுவடை வைக்கும்போதும் முதல் முறை வைத்த கவனத்தோடு வைப்பது, அதுதான் களத்தில் பொறுமை. இதை வாயால் கற்றுக்கொடுக்க முடியாது. ஆசானே அந்தப் பிள்ளைகளோடு தினமும் காலடி போட்டால்தான் அவர்களுக்கு ஏறும்.

உலகின் வேறு மூலைகளிலும் இதே பாடம்தான் முதலில் வருகிறது. 1882-இல் ஜப்பானில் கோடோக்கான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் முறையில், எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே மாணவர் விழப் பழக வேண்டும். அடிபடாமல் விழுவது, விழுந்ததும் எழுவது. விழத் தெரியாதவர் பயத்தோடு சண்டையிடுவார்; பயந்தவர் கண்மண் தெரியாமல் அடிப்பார். கூடப் பயில்பவரின் எலும்பு உடைவது பெரும்பாலும் பலசாலியால் அல்ல, பயந்தவரால்தான்.

கண்ணும் கோபமும்

கம்பு சுற்றுபவரைச் சோதிக்க, சுற்றும் வளையத்துக்குள் கல்லெறிந்து பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. கல் உள்ளே போய் உடம்பில் படக்கூடாது, கம்பில் பட்டுத் தெறிக்க வேண்டும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதில் ஒரு கடுமையான பாடம் இருக்கிறது. வேகம் கூடக்கூடக் கவனம் குறையும் என்பது மனித இயல்பு. அந்த இயல்பை மாற்றி, வேகம் கூடும்போது கவனமும் கூடும்படி உடம்பைப் பழக்குவதற்கான பரீட்சை அது. சண்டையில் கம்பின் நுனியைக் கண்ணால் துரத்துபவர் எப்போதும் ஒரு நொடி பிந்தியே இருப்பார். எதிராளியின் தோளையும் மார்பையும் பார்ப்பவருக்குத்தான் அடி கிளம்பும் இடம் தெரியும்.

கண்ணைக் கெடுப்பதில் முதலிடம் கோபத்துக்கு. தொடுமுறைப் போட்டியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. அந்தக் காலத்தில் நுனியில் பொடி தடவியிருப்பார்கள். பட்ட இடத்தில் அடையாளம் இருக்கும், மறுக்க முடியாது. இன்றைக்கு நடுவரின் கண்தான் சாட்சி. நடுவர் சில தொடுகளைத் தவறவிடுவார். தொட்டவருக்குத் தெரியும், பட்டவருக்கும் தெரியும். பட்டவர் கையைத் தூக்கி ‘பட்டது’ என்று ஒத்துக்கொள்வதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா? என் கணக்கில் ஒருவரின் தரம் தெரிவது அந்த ஒரு நொடியில்தான். கையைத் தூக்குபவர் ஒரு புள்ளியை இழக்கிறார். ஆனால் அடுத்த முறை அதே இடத்தில் அடிபடாமல் தப்பிக்க அவரால்தான் முடியும். பட்டதை மறுத்தவர் அந்த ஓட்டையை அடைக்கவே மாட்டார்.

கோபம் வந்தவர் கம்பை ஓங்குவதைத் தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். தோள் உயரும், மூச்சு நெஞ்சுக்கு ஏறும், கால் தரையை விட்டு மிதக்கும். மாதக்கணக்கில் கற்ற காலடி ஒரு நொடியில் காணாமல் போகும். எதிராளி சீண்டுவதும் இதற்காகத்தான்.

இங்கே வட ஆர்க்காட்டுக் கிராமங்களின் திரௌபதி அம்மன் திருவிழாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரதக் கதை படித்து, தெருக்கூத்து நடத்தி, பதினெட்டாம் போர் நாளில் துரியோதனன் படுகளம். மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைத் தரையில் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேடம் கட்டியவர் அதன் தொடையில் அடிப்பார். கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. பீமன் அந்த விதியை மீறித்தான் வென்றான். பாண்டவர் பக்கம் நின்று இரவெல்லாம் கூத்துப் பார்த்த ஊரே, அன்றைக்குத் தோற்றவனுக்காக ஒப்பாரியும் வைக்கும். எத்தனையோ அநியாயம் செய்த துரியோதனனுக்கே அந்த மரியாதை. முறை தவறிய அடியால் வந்த வெற்றியை நம் மக்கள் முழு வெற்றியாக எண்ணியதில்லை. விளையாட்டு விதிகளைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளை ஒரு முறை படுகளத்துக்கு அழைத்துக்கொண்டு போகலாம்.

வல்லாள மகாராஜாவின் ஒரு மதியம்

அண்ணாமலையார் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் என்று ஒன்று உண்டு. ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன்தான் அந்த மகாராஜா. 1311-இல் டில்லித் தளபதி மாலிக் காபூரின் படை அவனுடைய தலைநகரான துவாரசமுத்திரத்தை அடைந்த பிறகு, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நெருக்கடி. பிற்காலத்தில் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டு மதுரை சுல்தான்களை எதிர்த்து நின்றான். 80 வயதிலும் போர்க்களத்துக்குப் போனான்.

1342-ஐ ஒட்டி, சமயபுரத்துக்கு அருகே உள்ள கண்ணனூர்க் கொப்பத்தை வல்லாளனின் படை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு உணவு தீர்ந்துகொண்டிருந்தது. சரணடைவது பற்றி மதுரையைக் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டினார்கள், வல்லாளன் கொடுத்தான். அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதுரை சுல்தான் கியாசுதீன் சிறிய படையோடு வந்து பாய்ந்தான். முற்றுகைப் பாசறையில் மதிய ஓய்வு நேரம். குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வருவது எதிரிப்படை என்று உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிடிபட்ட கிழ அரசனின் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்று, உடம்பின் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார் மொராக்கோ பயணி இபின் பதூதா. கியாசுதீனுக்கு அவர் உறவினர். ஆகவே வல்லாளனுக்குப் பரிந்து கதை கட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

வல்லாளன் வீரம் குறைந்து தோற்கவில்லை. படை குறைந்தும் தோற்கவில்லை. எதிரியைப் போலப் பல மடங்கு ஆள் அவனிடம் இருந்தது. ஜெயிப்பது உறுதி என்று தெரிந்த நேரத்தில் கவனம் தளர்ந்தது, அவ்வளவுதான். சண்டைக்கலை பயில்பவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தமிழ்நாட்டு வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. களத்தில் நான்கு புள்ளி முன்னால் நிற்பவர்தான் ஐந்தாவது புள்ளியில் நெற்றியைக் காட்டுவார். பல வருடம் பயின்ற மூத்த மாணவர்தான் புதிதாக வந்தவரின் குருட்டு வீச்சில் பல்லை இழப்பார். ஓய்வெடுக்கலாம், தப்பில்லை. குதிரைகளை எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடக் கூடாது.

எதிரிக்கு அவகாசம் கொடுத்தது அவன் தவறா என்று கேட்பவர்கள் உண்டு. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசியில் கிடப்பவன் கேட்ட அவகாசத்தைக் கொடுத்தது வீரனுக்கு உரிய செயல்தான். அவகாசம் கொடுத்த பின் காவல் போடாமல் விட்டதுதான் பிழை. பெருந்தன்மையும் விழிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று நினைத்தவர்களுக்கு வரலாறு கருணை காட்டியதில்லை.

அந்த அரசனுக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே மகன் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரையில் அண்ணாமலையார் எழுந்தருளி வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. தோற்றுப்போன ஓர் அரசனுக்கு ஊர்த் தெய்வமே திதி கொடுக்கிறது.

நீரில் மூழ்கிய துர்க்கை

கார்த்திகை தீபத் திருவிழா என்றால் நமக்கு மலை உச்சியில் எரியும் மகாதீபம்தான் கண்ணுக்கு முன் வரும். ஆனால் கொடியேற்றத்துக்கு முன்பே திருவிழா தொடங்கிவிடும், காவல் தெய்வங்களிடம். முதலில் துர்க்கையம்மன் உற்சவம். அடுத்து பிடாரி. பிறகு விநாயகர். காவலுக்கு நிற்பவரை வணங்கிவிட்டுத்தான் இந்த ஊரில் எதையும் தொடங்குகிறார்கள்.

அந்தத் துர்க்கையைப் பற்றித் தலபுராணம் சொல்லும் கதை ஒவ்வொரு சிலம்பக் களத்திலும் சொல்லப்பட வேண்டியது. மகிடாசுரனை அவள் கொன்றுவிட்டாள். அவன் அணிந்திருந்த லிங்கம் அவள் கையில் ஒட்டிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. கொன்றது அசுரனைத்தான், கொல்ல வேண்டியவனைத்தான். ஆனாலும் கொலையின் பாரம் கையில் ஒட்டிக்கொண்டது. தன் வாளால் பாறையைப் பிளந்து, அதிலிருந்து வந்த நீரில் மூழ்கிய பிறகே அது நீங்கியது. துர்க்கையம்மன் கோயிலில் உள்ள கட்க தீர்த்தம் அதுதான்.

நியாயமான சண்டையில்கூட அடிப்பவருக்கு ஒரு கடன் விழுகிறது என்பதை இதைவிட நேராகச் சொல்லிவிட முடியாது. நம் பழைய ஆசான்கள் இதைச் செயலில் வைத்திருந்தார்கள். தென்கோடியில், கன்னியாகுமரி வட்டாரத்தில் வேரூன்றிய வர்மக்கலையை எடுத்துக்கொள்வோம். 108 வர்மம் என்று கணக்கு. அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். எங்கே தட்டினால் ஆள் சாய்வார் என்பது பாதிக் கல்விதான். சாய்ந்தவரை எழுப்பும் அடங்கல், தடவுமுறை, எலும்பு கட்டுவது, எண்ணெய் காய்ச்சுவது எல்லாம் மீதிக் கல்வி. எழுப்பத் தெரியாதவருக்குச் சாய்க்கும் இடத்தைக் காட்டக் கூடாது என்பது மரபு. ஆசான் என்றாலே ஊருக்கு வைத்தியரும் அவர்தான் என்ற நிலை அங்கே இருந்தது. சுளுக்கு எடுக்கவும், முறிவுக்குக் கட்டுப் போடவும் ஜனங்கள் வந்து நிற்பது ஆசான் வீட்டு வாசலில்தான்.

இன்றைய பயிற்சிக் கூடங்களில் இந்த மீதிப் பாதி காணாமல் போனதுதான் எனக்குப் பெரிய கவலை. அடிக்கக் கற்ற மாணவர்களில் எத்தனை பேருக்கு முதலுதவி தெரியும்? தலையில் அடிபட்டவரை உடனே மீண்டும் களத்தில் இறக்கக் கூடாது என்பதாவது தெரியுமா? வர்ம அடங்கல் எல்லோரும் கற்க முடியாமல் போகலாம். ரத்தத்தை நிறுத்துவதும், முறிந்த கையை அசையாமல் கட்டுவதும், மயங்கியவரை எப்படிப் படுக்கவைப்பது என்பதும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

1924, ஒரு ஜூன் இரவு

வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி. அவர் சிறுவயதில் நல்ல உடல்வலிமை உள்ளவர் என்பதும், மல்யுத்தம், கால்பந்து, நீச்சல் என்று விளையாட்டுகளில் முன்னால் நின்றவர் என்பதும் பலருக்குத் தெரியாது. அவர் சேர்ந்த அணி ஜெயித்துக்கொண்டே இருந்ததால் தங்கக்கை என்று பெயர் வைத்திருந்தார்களாம்.

1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அப்போது ஆசிரமத்தில் எடுத்துக்கொண்டு போகப் பெரிதாக ஒன்றும் கிடையாது. கதவைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் ரமணர். கருப்பன் என்ற ஆசிரம நாயைத் திருடர்கள் அடித்துவிடுவார்களோ என்று, அதைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடானது. வெளியே வந்தவர்கள்மீது தடியடி. ரமணரின் தொடையிலும் விழுந்தது. அதைப் பார்த்துக் கொதித்துப் போன சீடர் ஒருவர் இரும்புக் கம்பியைத் தூக்கினார். ரமணர் தடுத்துவிட்டார். அவர்கள் தங்கள் வழியில் போகிறார்கள், சாதுக்களான நாம் நம் வழியை விடக்கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

எடுத்தனூரில் கோவிவன் திருடர்களைக் கடித்தது. ஊர் அதற்குக் கல் நட்டது. ரமணாசிரமத்தில் கருப்பனை அப்புறப்படுத்தினார்கள், ஆசிரமம் அடியைத் தாங்கிக்கொண்டது. ஒரே மாவட்டத்தில் இரண்டு நேர்மாறான செயல்கள். இதில் எது சரி என்று சண்டைக்கலை பயில்பவர் கேட்பார். இரண்டும் சரி என்றே நான் நினைக்கிறேன். எருமை மந்தை ஒரு குடும்பத்தின், ஓர் ஊரின் சோறு. அதை விட்டுக்கொடுக்கச் சேவகனுக்கு உரிமை இல்லை. ஆசிரமத்தில் போவதற்கு இருந்தது சில்லறைச் சாமான். திருப்பி அடித்தால் உயிர்கள் போயிருக்கும். காக்க வேண்டியது எது என்று ரமணருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அன்று இரவு அவர் காத்தது சீடர்களை, நாயை, திருடர்களையும் சேர்த்து.

இல்லறத்தில் இருக்கும் நாம் சாதுக்கள் இல்லை. பஸ்ஸில் ஒரு பெண்ணிடம் எவனோ வம்பு செய்தால் எழுந்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் டீக்கடை வாய்த்தகராறுக்கும், சினிமா ரசிகர் சண்டைக்கும், சாதிக் கூட்டத்துக்கும் கற்ற வித்தையை எடுத்துக்கொண்டு போனவர் கலைஞர் என்ற பெயரை அன்றே இழந்துவிட்டார். கராத்தேவை ஜப்பான் முழுவதும் பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின் தன் மாணவர்களுக்கு வகுத்த இருபது நெறிகளில், முதல் அடி உன்னுடையதாக இருக்கக் கூடாது என்பதும் ஒன்று. ஒகினாவாவில் பிறந்தவருக்கும் எடுத்தனூரில் கல் நட்டவர்களுக்கும் தொடர்பு கிடையாது. ஆயுதத்தோடு நெடுங்காலம் வாழ்ந்த சமூகங்கள் எல்லாம் கடைசியில் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

சான்றிதழும் கம்பும்

பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் ஆயுதங்களையே தடைசெய்தது. போர்க்கலைகள் திருவிழா வேடிக்கையாகவும், வீட்டுக்குள் ஒளித்துவைத்த வித்தையாகவும் சுருங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. பிறகு எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுற்றினார். ‘ரிக்‌ஷாக்காரன்’ பார்த்துவிட்டு வீட்டுத் துடைப்பக்கட்டையைச் சுற்றாத பையன் கிடையாது. இப்போது நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளுக்குச் சமமாகக் களத்தில் நிற்கிறார்கள். இதைப் பார்த்து நான் மனதார மகிழ்கிறேன்.

கூடவே ஒரு நோயும் வந்திருக்கிறது. ஐந்தாறு வயதுக் குழந்தைகளை வெயிலில் நிறுத்தி, மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து, அதற்கு உலக சாதனைச் சான்றிதழ் என்று ஒன்றை வாங்கித் தருவது. குழந்தையின் தோள்மூட்டும் மணிக்கட்டும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது அது. ஒரே அசைவை இடைவிடாமல் ஆயிரக்கணக்கான முறை செய்யவைத்தால் மூட்டுதான் தேயும், வித்தை வளராது. அந்தப் பிள்ளைக்கு எதிரில் ஓர் ஆளை நிறுத்தி ஒரு தட்டு தட்டச் சொன்னால் தடுக்கத் தெரியாது. அலங்கார வீச்சு அழகான கலைதான், அதற்கு இடம் உண்டு. ஆனால் அதை மட்டுமே கற்றுத்தந்து சிலம்பம் முடிந்தது என்று அனுப்பிவைப்பது, பிள்ளைக்கும் கலைக்கும் செய்யும் துரோகம்.

இன்னொரு நோய் பொய்ப்பெருமை. காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் ஷாவோலின் குங்ஃபூவையே உருவாக்கினார் என்று 2011-இல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு மேடைக்கு மேடை பேசுகிறார்கள். போதிதர்மரைச் சண்டைக்கலையோடு இணைக்கும் சீன நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. வரலாற்றாசிரியர்கள் அந்தக் கதையை ஏற்கவில்லை. நமக்கு அந்தக் கடன் பெருமை எதற்கு? செங்கத்துக் கற்களில் எழுத்து இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, பெயர் இருக்கிறது. உண்மையைச் சொல்வதும் பயில்பவரின் குணம்தான். பட்டதை ஒத்துக்கொள்ளும் அதே நேர்மை வரலாற்றிலும் வேண்டும்.

மூன்றாவது, வித்தையை ஒளித்துவைப்பது. கடைசி அடியைச் சொல்லித்தராமல் செத்துப்போன ஆசான்களைப் பற்றிய கதை எல்லா ஊரிலும் உண்டு. தகுதி இல்லாதவரிடம் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் நியாயமானது. ஆனால் சாதி பார்த்து மூடிவைத்த கதைகளும் இதில் கலந்திருக்கின்றன. அதற்கு எந்த நியாயமும் கிடையாது. எடுத்தனூரில் ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிய மண், மனிதர்களில் ஒருவரை வெளியே நிறுத்த எப்படிச் சம்மதிக்கும்?

சேர்ப்பதற்கு முன்

பிள்ளையைச் சிலம்பத்திலோ, கராத்தேயிலோ, வேறு எந்தச் சண்டைக்கலையிலோ சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் மாட்டிய கோப்பைகளைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கால் சொல்லித்தருகிறார்களா, வந்த அன்றே கம்பைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டு பேர் மோதும்போது ஒருவருக்குக் கோபம் ஏறினால் ஆசான் உடனே நிறுத்துகிறாரா? அடிபட்ட பிள்ளையிடம் முதலில் ஓடுவது யார்? அடித்த பிள்ளையே ஓடினால் அந்த இடம் நல்ல இடம். பெண் பிள்ளைகளைத் தொட்டுத் திருத்தும்போது ஆசான் எப்படி நடந்துகொள்கிறார், பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உலக சாதனைக்கு இவ்வளவு கட்டணம் என்று முதல் மாதமே பேச்சு எடுத்தாலும் அப்படியே.

எல்லாம் சரியாக இருந்தால் சேர்த்துவிட்டு, மூன்று மாதம் கம்பு வரவில்லையே என்று ஆசானை அவசரப்படுத்தாமல் இருங்கள்.

கற்றுக்கொண்டிருக்கும் இளையவர்களுக்கும் ஒன்று. கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை வரும்போது ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி, செங்கம் பக்கம் போய் நடுகற்களைப் பாருங்கள். பல கற்கள் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. அவற்றின்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம், எழுத்தில் கீற வேண்டாம், சாலைப் பணிக்காக யாராவது பெயர்த்தால் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுங்கள். அதுவும் காவல் வேலைதான்.